காலின்ஸ் தெருவில் ஒரு ரவுண்டு: விக்டோரியா கால மெல்போர்னின் பகட்டு உலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மெல்போர்ன் நகரத்தைப் பற்றி எதைப் புரட்டினாலும் 'டூயிங் த பிளாக்' என்றொரு வழக்கு கண்ணில் படும். நன்றாக உடுத்திக்கொண்டு, கடைத்தெருவின் ஒரு துண்டில் மேலும் கீழுமாக நடந்து, நாலு பேரைப் பார்த்து, நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு வீடு திரும்புவது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் யார் நடக்கலாம், எத்தனை மணிக்கு நடக்கலாம், யார் முதலில் தலையசைக்க வேண்டும் என்று அதற்குள் எழுதாத சட்டப் புத்தகமே இருந்தது. பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் உடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தெருவில் உடையைவிடக் கடிகாரம்தான் பெரிய ஆள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

'பிளாக்' என்பது சரியாக எந்த இடம்?

1837இல் ராபர்ட் ஹாடில் என்ற நில அளவையாளர் மெல்போர்னுக்குக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தெருக்களை வகுத்தார். பெரிய தெருக்கள் 99 அடி அகலம், அவற்றுக்கு இடையே 33 அடியில் சின்னத் தெருக்கள். ஒரு கட்டத்தின் நீளம் ஏறக்குறைய 200 மீட்டர். காலின்ஸ் தெருவில், ஸ்வான்ஸ்டன் தெருவுக்கும் எலிசபெத் தெருவுக்கும் நடுவே இருக்கும் கட்டத்தின் வடக்கு நடைபாதைதான் 'பிளாக்'.

ஆமாம், வெறும் 200 மீட்டர். சும்மா நடந்தால் மூன்று நிமிடத்தில் தெரு முடிந்துவிடும். அதை ஒரு மணி நேரத்துக்கு இழுப்பதில்தான் சாமர்த்தியமெல்லாம்.

இவ்வளவு பெரிய நகரத்தில் ஏன் அந்த ஒரு துண்டு மட்டும்?

முதல் காரணம் பணம். 1851இல் இந்தப் பகுதி நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து மகாராணியின் பெயரிலேயே விக்டோரியா என்ற தனிக் காலனி ஆனது. அதே ஆண்டில் தங்கமும் கிடைத்தது. நாற்பதே ஆண்டில், 1891 வாக்கில், மெல்போர்னின் மக்கள் தொகை ஐந்து லட்சத்தை நெருங்கிவிட்டது. 1885இல் வந்து போன ஜார்ஜ் அகஸ்டஸ் சாலா என்ற லண்டன் பத்திரிகையாளர் வைத்த 'மார்வலஸ் மெல்போர்ன்' என்ற பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பணம் வந்துவிட்டது, ஆனால் யாருடைய பணம் எவ்வளவு பழையது என்று யாருக்கும் தெரியாது. லண்டனில் ஒருவரின் தாத்தா யார் என்று ஊருக்கே தெரியும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடம் முன்பு எங்கே மண் தோண்டிக்கொண்டிருந்தார் என்பதே புதிர். அதனால் ஆளை எடைபோட ஒரு பொது இடம் தேவைப்பட்டது.

இரண்டாவது, அந்தத் தெருவின் அமைப்பு. மேற்கே போனால் வங்கிகளும் அலுவலகங்களும், கிழக்கே ஏறினால் டாக்டர்களின் வீடுகள். நடுவில் ஜவுளிக்கடை, நகைக்கடை, தொப்பிக்கடை, புகைப்பட நிலையம். சாமுவேல் மல்லன் 1859இல் காலின்ஸ் தெருவில் புத்தகக் கடை திறந்து, லண்டன் மியூடிஸ் நூலகத்தின் பாணியில் சந்தா கட்டிப் புத்தகம் எடுத்துப் போகும் வசதியும் வைத்திருந்தார். "புத்தகம் மாற்றிவிட்டு வருகிறேன்" என்பதைவிடக் கௌரவமான சாக்கு ஒரு பெண்ணுக்கு வேறு கிடைக்காது.

வடக்கு நடைபாதை ஏன் என்பதற்கு என் கணக்கு எளிது. பூமியின் தென்பாதியில் வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். வடக்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் அவற்றின் முன்னால் உள்ள நடைபாதையிலேயே விழும். பட்டும் கையுறையும் போட்டவர்கள் எந்தப் பக்கம் நடப்பார்கள்?

எந்த நேரத்தில் நடப்பார்கள்?

பிற்பகலில், மதிய உணவுக்கும் தேநீருக்கும் நடுவே. அப்புறம், எல்லாவற்றிலும் பேர்போனது சனிக்கிழமைக் காலை. ஃபெர்கஸ் ஹ்யூம் 1886இல் வெளியிட்ட துப்பறியும் நாவலில்கூட 'பிளாக்' உலா ஒரு சனிக்கிழமைக் காலையில்தான் வருகிறது. நவம்பர் தொடக்கத்தில், மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய வாரத்தில், மற்ற காலனிகளிலிருந்து வந்த கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரே பெண், ஒரே உடை, ஒரே நடைபாதை. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண். இரவு பத்து மணிக்கு அதே இடத்தில் நின்றால் கதையே வேறு. நான் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னது இதைத்தான்.

கடைத்தெருதானே, பொருள் வாங்கத்தானே போனார்கள்?

வாங்கவும் செய்தார்கள், ஆனால் கையில் பை தூக்கிக்கொண்டு யாரும் நடக்கவில்லை. பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கடையில் கணக்கு உண்டு. பிடித்ததைச் சொல்லிவிட்டு வந்தால் போதும், கடைக்காரர் வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பில் பிறகு வரும், ரொம்பப் பிறகும் வரும். ஆகவே கை காலியாக இருப்பதே அந்தஸ்தின் அடையாளம். ஒரு குடை, சின்னக் கைப்பை, போனால் போகிறதென்று ஒரு புத்தகம்.

கடை ஜன்னல்களையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டன் 1845இல் கண்ணாடி மீதிருந்த வரியை நீக்கிய பிறகு பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகள் மலிவாயின, கடை முகப்பே மாறிப்போயிற்று. ஜன்னலுக்கு முன்னால் நின்று தொப்பியைப் பார்ப்பதுபோல் கண்ணாடியில் பின்னால் போகிறவர்களைப் பார்க்கலாம். தன் தொப்பி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன உடுத்தினார்கள்? அந்த வெயிலில் எப்படித் தாங்கினார்கள்?

பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை உருவமே மாறியது. 1850களின் பிற்பகுதியில் இரும்பு வளையக் கூண்டு வைத்த கிரினோலின் பாவாடை, மணியைக் கவிழ்த்த மாதிரி. இரண்டு பெண்கள் ஒரு நடைபாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். 1870களில் அந்த அகலமெல்லாம் பின்பக்கம் போய் 'பஸ்ல்' ஆனது. நடுவில் கொஞ்சம் ஓய்ந்து 1880களின் மத்தியில் அது மறுபடியும் வந்தது, இந்தத் தடவை பின்னால் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருப்பது போல. ஆண்களுக்கு மாற்றம் குறைவு: கறுப்பு ஃபிராக் கோட்டு, பட்டுத் தொப்பி, கையுறை, தடி. 1880களில் இதையே ஒரு சுற்று கூட்டி, மெழுகு தடவிய மீசையுடன் திரிந்த இளைஞர்களுக்கு 'மேஷர்' என்று பெயர். நம் பாஷையில் மைனர்.

வெயில் விஷயத்தில் அவர்கள் பாடு பாவம்தான். மெல்போர்னில் கோடையில் உள்நாட்டிலிருந்து வடக்குக் காற்று வீசினால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அன்றைக்கும் அதே கறுப்புக் கோட்டு, அதே இறுக்கிக் கட்டிய கார்செட். லண்டனில் அப்படி உடுத்துகிறார்கள் என்பதே போதுமான காரணம். மெல்போர்ன் வெயில் லண்டனைக் கேட்டுக்கொண்டா அடிக்கும்?

ஒரு வேடிக்கை என்னவென்றால், பருவம் தலைகீழாக இருந்ததே இவர்களுக்குச் சாதகமானது. 1880களில் கப்பல் தபால் வந்து சேர ஒன்றரை மாதம்வரை ஆகும். லண்டனின் டிசம்பர் குளிர்கால மோஸ்தர் படங்கள் வந்து, துணி எடுத்து, தைத்து முடிக்கும்போது இங்கே குளிர்காலம் தொடங்கியிருக்கும். பழசாகிப்போன புதுமை என்று யாரும் சொல்ல முடியாது!

நீளப் பாவாடை தெருவில் இழுபடாதா?

இழுபடும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

மெல்போர்னுக்கு இன்னொரு பட்டப்பெயர் 'ஸ்மெல்போர்ன்'. பாதாளச் சாக்கடை அங்கே வீடுகளுக்கு வரத் தொடங்கியது 1897இல்தான். அதுவரை வீட்டுக் கழிவுநீரெல்லாம் தெரு ஓரத்துத் திறந்த கல் வாய்க்கால்களில் ஓடியது. பலத்த மழை பெய்தால் எலிசபெத் தெரு ஆறாகவே மாறிவிடும், ஏனென்றால் அது உண்மையிலேயே ஒரு பழைய ஓடையின் தடம். மழை இல்லாத நாளில் குதிரைச் சாணம் காய்ந்து தூளாகப் பறக்கும். தண்ணீர் வண்டி வந்து தெளித்தால் தூசி அடங்கிச் சேறாகும்.

இதற்கு நடுவே பாவாடையைக் காப்பாற்ற இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, அடி விளிம்பின் உள்பக்கம் துடைப்பம் மாதிரி நூல் நுனிகள் நீட்டிய ஒரு பட்டையைத் தைத்துவிடுவது. தரையில் தேய்வது அந்தப் பட்டைதான், விலையுயர்ந்த துணி அல்ல. நைந்துபோனால் பிரித்தெடுத்துப் புதுப் பட்டை தைக்கலாம். மற்றது, பாவாடை தூக்கி. சிறிய இடுக்கி மாதிரி இருக்கும், வாயில் துணி கிழியாமல் வட்டமான திண்டு. இடுப்பிலிருந்து சங்கிலியிலோ நாடாவிலோ தொங்கும். வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் அதைக் கவ்வவிட்டு நாடாவை இழுத்தால் பாவாடை ஒரு பக்கம் நாலு விரற்கடை ஏறும். அதற்கு மேல் ஏறினால் கணுக்கால் தெரியும். ஊர் வாய்க்கு அது போதும்.

வீட்டுக்குப் போனதும் பட்டையிலிருந்து காய்ந்த சேற்றைத் தேய்த்து எடுப்பது வேலைக்காரப் பெண்ணின் பொறுப்பு. அந்தப் பெண் என்றைக்காவது 'பிளாக்'கில் நடந்திருப்பாளா? ஞாயிறு தவிர அவளுக்கு நேரம் ஏது.

எதிரே தெரிந்தவர் வந்தால் என்ன செய்வார்கள்?

இதுதான் அந்த 200 மீட்டரின் உயிர்நாடி. ஆங்கிலேய வழக்கப்படி, பெண்தான் முதலில் தலைசாய்த்து அடையாளம் காட்ட வேண்டும். அவர் காட்டும்வரை ஆண் தெரிந்தவராகவே காட்டிக்கொள்ளக் கூடாது. நேற்றிரவு ஒரு விருந்தில் அவரோடு இரண்டு நடனம் ஆடியிருந்தாலும் சரி, இன்று காலையில் அவர் உங்களைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லைதான். ஐரோப்பாவின் வேறு பல நாடுகளில் முதலில் வணங்குவது ஆணின் கடமை. அதனால் புதிதாக வந்த ஐரோப்பியர்கள் இங்கே தடுமாறினார்கள்.

சரி, அவர் தலைசாய்த்துவிட்டார். உடனே தொப்பியைத் தூக்க வேண்டும், அதுவும் அவருக்கு எட்டத்தில் இருக்கிற கையால். கிட்டத்துக் கையைத் தூக்கினால் முகம் மறையும். வாயில் சுருட்டு இருந்தால் அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பேச வேண்டும் என்றால் நடைபாதையில் அவரை நிறுத்தி வைக்கக் கூடாது. நீங்கள் திரும்பி, அவர் போகும் திசையிலேயே கூட நடக்க வேண்டும். சாலைப் பக்கம் ஆண், சுவர்ப் பக்கம் பெண். பேச்சு முடிந்தால் மறுபடி தொப்பி, மறுபடி திரும்பி உங்கள் வழி. ஒரே பெண்ணை அடுத்த சுற்றில் மறுபடி எதிர்கொண்டால் இரண்டாம் முறை வணக்கம் வேண்டாம்.

இதன் மறுபக்கம்தான் 'கட்'. கண்ணுக்கு நேராகப் பார்த்து, பார்க்காததுபோலக் கடந்து போவது. ஒரு வார்த்தை இல்லை, ஒரு சண்டை இல்லை. அத்தனை பேர் முன்னிலையில் ஒருவரின் கதை முடிந்துவிடும். கடனைத் திருப்பித் தராதவர், பெயர் கெட்டவர், நிச்சயதார்த்தத்தை முறித்தவர் எல்லோருக்கும் அந்த நடைபாதைதான் நீதிமன்றம். நம்மூரில் கல்யாண வீட்டில் 'கண்டும் காணாமல்' போவார்களே, அதற்கு இலக்கணம் வகுத்து வைத்த மாதிரி.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

மணமான பெண் பகலில் நடக்கலாம். இளம்பெண்ணோடு அம்மாவோ அக்காவோ தோழியோ இருப்பது நல்லது. எல்லாம் நல்ல நேரத்தில், நல்ல பக்கத்தில் இருக்கும்வரை. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ரீஜன்ட் தெருவில் நடந்த ஒரு சம்பவம் உண்டு.

1887 ஜூன் 28. விக்டோரியா மகாராணியின் பொன்விழா முடிந்து ஒரு வாரம். எலிசபெத் காஸ் என்ற தையற்கலைஞர், லண்டனுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, இரவில் ரீஜன்ட் தெருவுக்குப் போனார். என்டகாட் என்ற போலீஸ்காரர், விபசாரத்துக்கு ஆண்களை அழைத்தார் என்று சொல்லி அவரைக் கைது செய்தார். அவருக்கு வேலை கொடுத்த அம்மாள் நேரில் வந்து நற்சாட்சி சொன்ன பிறகு மாஜிஸ்திரேட் நியூட்டன் விடுவித்தார். ஆனால் சும்மா விடவில்லை. மரியாதைப்பட்ட பெண்கள் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நடக்க மாட்டார்கள் என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே கொடுத்தார்.

ஊர் கொதித்தது. விவகாரம் நாடாளுமன்றம்வரை போய், ஒரு வாக்கெடுப்பில் அரசாங்கமே தோற்றது. போலீஸ்காரர் மீது பொய்ச் சாட்சி வழக்கு வந்தது, அவர் விடுதலையானார். மாஜிஸ்திரேட் சொன்னதை மட்டும் கவனியுங்கள்: அவர் உடையைப் பற்றிப் பேசவில்லை. நேரத்தைப் பற்றியும் தெருவைப் பற்றியும்தான் பேசினார்.

அவ்வளவு நேரம் வெளியே இருந்தால் கழிப்பறைக்கு எங்கே போவார்கள்?

நல்ல கேள்வி, புத்தகங்கள் பெரும்பாலும் தவிர்க்கும் கேள்வி. மெல்போர்னில் ஆண்களுக்குப் பொதுச் சிறுநீர்க்கழிப்பிடம் 1859இலேயே தெருவில் வந்துவிட்டது. பெண்களுக்கு 1902இல்தான், ரஸ்ஸல் தெருவின் கீழே கட்டிய நிலத்தடிக் கழிப்பறையில். நடுவே நாற்பது வருடத்துக்கும் மேல்! அதுவரை உலாவின் நீளத்தை முடிவு செய்தது மோஸ்தர் அல்ல, உடம்பு. தேநீர்க் கூடங்களும் பெரிய ஜவுளிக்கடைகளின் ஓய்வறைகளும் ஏன் அப்படிப் பெருகின என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சாதாரண மக்கள் இதில் உண்டா?

அவர்களுக்குப் பக்கத்துத் தெரு இருந்தது. சனிக்கிழமை இரவு பர்க் தெருவில் நாடகக் கொட்டகைகள், பியர் கடைகள், கிழக்குச் சந்தையின் கூச்சல், மக்கள் வெள்ளம். அங்கே யாரும் தொப்பியை எந்தக் கையால் தூக்குவது என்று யோசிக்கவில்லை. சந்தோஷம் அதிகம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

தெற்கே ஒரு தெரு தள்ளினால் ஃபிளிண்டர்ஸ் லேன். அங்கேதான் துணி மொத்த வியாபாரமும் தையல் பட்டறைகளும். 1882 டிசம்பரில் அங்கே ஒரு நிறுவனம் கூலியைக் குறைக்க முயன்றபோது தையற்பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்களுக்கென்று சங்கமும் அமைத்தார்கள். 1885 தொழிற்சாலைச் சட்டம் வர அந்தப் போராட்டமும் ஒரு காரணம். 'பிளாக்'கிலிருந்து அந்தப் பட்டறைகளுக்கு நடந்தே போகலாம், இரண்டு நிமிடம்.

மற்ற நகரங்களிலும் இது உண்டா?

உண்டு. லண்டனில் ரீஜன்ட் தெரு, பாண்ட் தெரு. 1819இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேட் என்ற கூரை வேய்ந்த கடைவீதியில் சீருடைக் காவலர்கள் நின்று, விசில் அடிக்காதே, ஓடாதே, குடை விரிக்காதே என்பார்கள். நியூயார்க்கில் பிராட்வேயைச் சுற்றி 'லேடீஸ் மைல்'. பெயரே சொல்கிறது, அங்கே ஒரு மைல். மெல்போர்ன்காரர்கள் 200 மீட்டரில் முடித்துக்கொண்டார்கள்.

பிளாக் ஆர்கேட் என்று ஒன்று இருக்கிறதே, அது இதிலிருந்து வந்ததா?

ஆமாம். அந்த இடத்தில் ஜார்ஜ் சகோதரர்களின் ஜவுளிக்கடை இருந்து, 1889இல் தீக்கிரையானது. அங்கே ட்வென்டிமன் அண்ட் ஆஸ்க்யூ என்ற நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் டேவிட் ஆஸ்க்யூ, மிலான் நகரின் விட்டோரியோ இமானுவேலே கலேரியாவை மனதில் வைத்து ஒரு கூரை வேய்ந்த கடைவீதியை வடிவமைத்தார். 1892இல் காலின்ஸ் தெருப் பகுதி திறந்தது, அடுத்த ஆண்டில் எலிசபெத் தெருப் பக்கம் முடிந்தது. மழைக்கும் தூசிக்கும் பயப்படாமல் உலாத்தலாம், சேற்றுப் பட்டைக்கும் வேலை இல்லை.

ஆனால் பாருங்கள், கட்டி முடித்த நேரம் சரியில்லை. நில விலை ஏற்றத்தில் ஊதிப்போயிருந்த பொருளாதாரம் 1891இல் தடுமாறி, 1893 வசந்தம் வருவதற்குள் வங்கிகள் வரிசையாகக் கதவைச் சாத்தின. இந்த ஆர்கேடுக்குப் பின்னால் நின்ற நிலத் தரகுப் பெரும்புள்ளி பெஞ்சமின் ஃபிங்க் தானும் திவாலானார். உலாத்த அழகான இடம் தயார், உலாத்தியவர்களில் பலர் கடனில்.

இதற்கும் தமிழர்களுக்கும் ஏதாவது தொடர்பு?

நேரடியாக இல்லை. மறைமுகமாக, தேநீர்க் கோப்பையில் உண்டு. ஆர்கேடில் 1892 முதல் பெண்கள் நடத்திய ஒரு தேநீர்க் கூடம், ஆளுநர் ஹோப்டனின் மனைவி பெயரைப் பெற்றது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியச் சந்தையில் சீனத் தேயிலையை இந்தியத் தேயிலையும் சிலோன் தேயிலையும் தள்ளிக்கொண்டிருந்தன. சிலோன் தேயிலை என்றால் கொழுந்து கிள்ளியது தமிழ்நாட்டிலிருந்து போன மலையகத் தொழிலாளர்கள்.

பழக்கம் எப்போது நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. 1890களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகும் நடந்தார்கள், புது நூற்றாண்டிலும் நடந்தார்கள். ஆனால் சைக்கிள் வந்தது, பெண்கள் அலுவலக வேலைக்கு வந்தார்கள், மோட்டார் கார் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் இருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஆனபோது, உலாவின் சுவாரசியமும் கரைந்துபோனது.

இன்று மெல்போர்ன் போனால் எதைப் பார்க்கலாம்?

காலின்ஸ் தெரு 282ஆம் எண் வழியாக ஆர்கேடுக்குள் நுழையுங்கள். தரை முழுக்க அதே காலத்து வண்ண ஓட்டுக் கோலம். ஆர்கேடின் இரண்டு கிளைகளும் சேரும் மூலையில் எட்டு மூலை மண்டபம், மேலே கண்ணாடிக் கூரை. கூட்டம் குறைந்த காலை நேரத்தில் போனால், கடை ஜன்னல் ஒன்றில் உங்கள் பின்னால் வருகிறவர்களைத் திரும்பாமலே பார்க்க முடியும். முயன்று பாருங்கள், அவர்களும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.